மௌத்து வீட்டில் நாவைப் பேணுவோம்



மௌத்து வீட்டில் போய் நாம் கேட்பதென்ன? "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லயா?" பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "அழாதீங்க, பாவம்!" இது ஆறுதலா, விசாரணையா? மகன் இப்ராஹீம் வபாத்தானபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் வடித்தார்கள். ஒப்பாரிதான் கூடாது; கண்ணீர் அல்ல.

வாட்ஸ்அப்பில் 'இன்னாலில்லாஹி' போட்ட கையோடு பகிடி வீடியோவும் போடுகிறோம்.

பக்கத்து வீட்டுத் தமிழரோ சிங்களவரோ இறந்தால் வாயே திறப்பதில்லை. 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் மாற்று மதத்தவரும் இருந்தார்களே, மறந்துவிட்டோமா?

"உங்கட கவலையில நாங்களும் இருக்கிறம்." இவ்வளவு போதும். அதுவும் வராவிட்டால் சோறாக்கிக் கொண்டு போவோம். ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது நபியவர்கள் அக்குடும்பத்துக்குச் செய்யச் சொன்னதும் அதைத்தானே!