கூடையின் கனம் யார் கணக்கில்?

தேயிலைப் பொட்டலங்களில் அச்சிடப்படும் அந்தப் பெண்ணை நாம் எல்லோரும் அறிவோம். நெற்றியிலே பொட்டு, முகத்திலே சிரிப்பு, முதுகிலே பிரம்புக்கூடை. நுவரெலியாவின் நினைவுப்பொருட் கடைகளில் அவள் மரப்பொம்மையாக நிற்கிறாள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் கடைகளின் அலமாரிகளில் தகரப்பேணியின் மீது நிற்கிறாள். ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக மேலேறும் புகையிரதத்தின் யன்னலோரம் அமர்ந்து வெளியே பார்ப்பவருக்கு வேறொரு காட்சியே தெரியும். மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவர்களின் முதுகில் தொங்குவது பெரும்பாலும் செயற்கை இழையால் நெய்த பை. வலைப்பின்னற் பைகளும் உண்டு. உரச்சாக்கைப் பிரித்துத் தைத்தவையும் உண்டு. பிரம்புக்கூடை, சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு படம்பிடிக்கும் பொருளாகிவிட்டது.

இதைக் கண்டு ஏங்குவது என் நோக்கமன்று. மரபு அழிகிறதே என்று தொலைவிலிருந்து வருந்துவோர், மழையில் நனைந்த பிரம்புக்கூடையை ஒரு முற்பகல் முழுவதும் சுமந்து பார்க்கட்டும். பிரம்பும் மூங்கிலும் நீரை உறிஞ்சும். வெறுங்கூடையே கனமானது, ஈரம் ஏறினால் மேலும் கனக்கும். செயற்கை இழை நீரை ஏற்காது, உதறினால் உலரும், சில நூறு கிராமுக்கு மேல் நிறுக்காது. இந்த மாற்றம் நல்லதே. என் கேள்வி வேறு: குறைந்த அந்த எடை யாருக்குச் சேர்ந்தது?

பழைய கருவியை அதே வடிவத்தில் புதிய, இலேசான பொருளால் செய்துகொள்வது உலகெங்கும் நடப்பதுதான். கிறீன்லாந்தின் இனுயிற் மக்களுடைய துடுப்பு இதற்கு நல்லதோர் உதாரணம். கயாக் எனும் ஒடுங்கிய வேட்டைப் படகைச் செலுத்துவதற்கான துடுப்பு அது. மரங்கள் மிக அரிதான அத்தேசத்தில், கடல் கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய கட்டைகளைச் செதுக்கி அதைச் செய்தார்கள். இரு கைகளையும் விரித்த நீளத்தோடு முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்தையும் கூட்டினால் துடுப்பின் நீளம் வரும். அலகின் அகலம், அதை உள்ளங்கையால் பற்றிக்கொள்ளக் கூடிய அளவு. ஆகவே ஒருவருடைய துடுப்பு மற்றவருக்குச் சரியாகப் பொருந்தாது. இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அதே வடிவைக் கரிய இழையில், அதாவது கார்பன் ஃபைபரில், உள்ளே வெற்றிடம் விட்டு வார்க்கிறார்கள். பொருள் மாறியது; உடலை வைத்து அளக்கும் வழக்கம் பெரும்பாலும் நிலைத்தது. குறைந்த ஒவ்வொரு கிராமும் துடுப்பை வலிக்கின்ற அந்தத் தோளுக்கே போய்ச் சேருகிறது. வாங்குகிறவரும் வலிக்கிறவரும் ஒருவரே என்பதால் அங்கே இதில் சிக்கல் எழுவதில்லை.

நமது மலைகளில் கருவியின் வடிவத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் இன்னொருவர், சுமப்பவள் வேறொருத்தி.

கொழுந்துக்கூடையின் வடிவத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பழமை என்று தள்ளிவிட முடியாது. கயிறு உச்சந்தலையில் பதிகிறது. அதன் கீழே மடித்த துணியோ கம்பளியோ இருக்கும். கூடை முதுகில் சாய்கிறது. இரண்டு கைகளும் முற்றிலும் விடுபட்டுவிடுகின்றன. ஈரிலையும் மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து கைப்பிடி நிறைந்ததும், திரும்பிப் பாராமலேயே தோளுக்கு மேலாகப் பின்னால் எறியப்படுகிறது. கூடையின் விறைத்த வாய் எப்போதும் திறந்தே நிற்பதால்தான் இந்த வேகம் சாத்தியமாயிற்று. பின்னலின் இடைவெளிகள் வழியே காற்றுப் புகுவதால் கொழுந்து புழுங்குவதும் இல்லை. அமுங்கிச் சூடேறிய கொழுந்து தொழிற்சாலைக்குப் போகுமுன்பே சிவந்து தரம் கெடும் என்பது மலையகத்தில் சிறுவருக்கும் தெரிந்த செய்தி.

தலையில் கயிறு மாட்டிச் சுமப்பதே பின்தங்கிய முறை என்பாரும் உளர். நேபாளத்துச் சுமைதூக்கிகளை அளந்து 2005 இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு வேறுவிதமாகச் சொல்லிற்று. தங்கள் உடலெடைக்குக் கிட்டத்தட்டச் சமமான சுமையை அவர்கள் தலைக்கயிற்றில் சுமந்து மலையேறினார்கள். முதுகுப்பை சுமக்கும் மேனாட்டாரைவிடக் குறைந்த சக்தியையே செலவிட்டார்கள். ஆனால் அங்கே அளக்கப்பட்டது உடல் செலவிடும் சக்தி. இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்த பெண்ணின் கழுத்தெலும்பு அந்தக் கணக்கில் இல்லை. மேலும் சுமைதூக்கி நடக்கிறான், நிற்கிறான், சுமையை இறக்கி ஆறுகிறான். நம் பெண்ணோ சுமையோடேயே குனிந்து, கைகளை நீட்டி, செடிகளுக்கிடையே சரிவில் பக்கவாட்டில் நகர்ந்து வேலை செய்கிறாள்.

பை வந்தபோது கூடையிலிருந்து என்னென்ன எடுத்துவரப்பட்டன, எவை கைவிடப்பட்டன என்று பாருங்கள். தலைக்கயிறு வந்தது. விறைத்த வாய் வரவில்லை. முதுகுக்கும் கொழுந்துக்கும் இடையே நின்ற பின்னற்சுவரும் வரவில்லை. துவண்ட பையில் ஈரக்கொழுந்து முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்காகவே முதுகில் ஒரு பிளாஸ்திக் விரிப்பைப் போர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இடுப்பில் கட்டும் படங்கும் அப்படித்தான் சாக்கிலிருந்து பிளாஸ்திக்குக்கு மாறிற்று. செடியின் மேல்மட்டம் பார்க்க வைக்கும் மட்டக்கம்பு ஒன்றுதான் அநேகமாக மாறாதது. அது முன்னரே இலேசாக இருந்ததனால் போலும்!

இனி எடைக்கு வருவோம். கொழுந்து வழக்கமாக நாளுக்கு மூன்று தடவை நிறுக்கப்படுகிறது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் சில கிலோ கழிக்கப்படுவதாகத் தொழிலாளர் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பிரம்புக்கூடைக் காலத்தில் அந்தக் கழிவுக்கு ஒரு நியாயமேனும் சொல்லலாம். கூடைக்கு மெய்யாகவே எடை இருந்தது. சில நூறு கிராம் பைக்கும் முழுக்கிலோவாகக் கழித்தால் அதற்கு என்ன பெயர்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவையில் ஒரே ஒரு கிலோ மட்டும் அநியாயமாகக் கழிகிறது என்று வையுங்கள். நாளுக்கு 3 கிலோ, மாதம் 25 நாளுக்கு 75 கிலோ. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக்கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுவான விகிதம். அப்படியானால் ஒருத்தியின் கணக்கில் ஏறாத கொழுந்திலிருந்து மாதம் 16 கிலோவுக்கு மேல் தேயிலை கிடைக்கிறது. அது தொழிற்சாலைக்குள் போகிறது, ஏலத்துக்கும் போகிறது. அவளுடைய பேருக்கு எதிரே மட்டும் வரவில்லை.

'பேர்' என்றால் என்னவென்று வெளிநாட்டு வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவாவதே ஒரு பேர். விதித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதன் பின்னர், பல தோட்டங்களில் விதித்த அளவு 18 கிலோ, 20 கிலோ என்று ஏறிற்று. 2024 இல் சம்பளம் 1,350 ஆயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் அதனை 1,550 ஆக்குவதென்றும், வருகைக்கு அரசு 200 ரூபாய் கொடுப்பதென்றும் அறிவித்தார்கள். ரூபாயைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம், நானும் எழுதினேன். தராசைப் பற்றி எழுதியது சொற்பம். 20 கிலோ விதிக்கப்பட்ட மலையில் 3 கிலோ கழிந்தால் அவள் பறிக்க வேண்டியது 23. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்த 23 என்ற எண் தோன்றுவதில்லை.

பை இலேசானதால்தான் விதித்த கிலோ ஏறிற்று என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் கருவியில் குறைந்த எடை அவள் கழுத்தில் குறையவில்லை என்பது தெளிவு. அவ்விடத்தைக் கொழுந்தே நிரப்பிற்று.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925 இல் தொடங்கிய நிறுவனம், நூறாண்டு கண்டுவிட்டது. பேராதனையில் பொறியியற் பீடமும் மொறட்டுவையில் வடிவமைப்புக் கற்கையும் இருக்கின்றன. கூடையின் பழைய அறிவையும் புதிய பொருளையும் ஒன்றுசேர்த்து ஒரு சுமைக்கருவி செய்வது இவர்களுக்கு மலையைப் பிளக்கும் வேலையன்று. வாய் மூடாதிருக்க இலேசான அலுமினிய வளையம். காற்றோட்டமான வலைச்சுவர். தலையில் அகன்ற பட்டி, அதோடு பாரத்தின் ஒரு பகுதியை இடுப்பெலும்புக்கு இறக்கும் இன்னொரு பட்டி. மலையேறும் பயணிகளின் முதுகுப்பைகளில் இடுப்புப்பட்டி வந்து எவ்வளவோ காலமாயிற்று. தினமும் மலையேறுகிறவளுக்குத்தான் அது வந்து சேரவில்லை. குள்ளமானவளுக்கு ஓர் அளவு, உயரமானவளுக்கு ஓர் அளவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வெற்று எடை கிராமில் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். கொழுந்து மடுவத்தில் கருவிக்கென்று கழிப்பது அந்த எண்ணை மட்டுமே. ஈரத்துக்குக் கழிப்பதென்றால் அது எந்த விகிதத்தில் என்பதைத் தொழிலாளருக்குத் தெரியும் மொழியில், தமிழில், தராசின் அருகில் எழுதி ஒட்டட்டும்.

எல்லாம் இயந்திரமாகப் போகிறது, இனிக் கூடையைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு நண்பர் கேட்டார். கத்தரி வந்தது, மின்கலத்தால் ஓடும் கையடக்கக் கருவியும் வருகிறது. வரட்டும். அந்த மின்கலத்தை யார் உடம்பில் கட்டப்போகிறார்கள்? அதற்கும் எடை உண்டு. அதையும் அந்தச் சரிவில் ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். கருவியை மலைக்குக் கொண்டுவருமுன் கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப்பேரை அழைத்து ஒரு வாரம் சுமக்கவைத்து, எங்கே அறுக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கேட்டுக்கொண்டால் செலவு அதிகம் ஆகாது. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை நடப்பட்ட நாளிலிருந்து கங்காணி, துரை, 1992 க்குப் பின் வந்த கம்பனிகள் என்று கணக்குக் கேட்டவர்கள் பலர். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

மலையகத்திலிருந்து வெளியேறி உலகெங்கும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாயோ பாட்டியோ சுமந்த பிரம்புக்கூடை எங்கேனும் ஒரு வீட்டின் பரணில் எஞ்சியிருந்தால் அதை அளந்து எனக்கு எழுதுங்கள். வாயின் அகலம், உயரம், அடி அகலம், கயிறு எதனால் திரிக்கப்பட்டது ஆகியவற்றோடு, நிறுத்துப் பார்க்க முடிந்தால் வெற்று எடையையும் குறிப்பிடுங்கள்.