நாள் குறித்த அழைப்பு

வெளிநாடு செல்வோர் ஊரைக் காண்பது ஒரு வகை. அவ்வூரில் ஒரு வீட்டைக் காண்பது மற்றொரு வகை. முன்னையதற்குப் பணமும் கால் வலிமையும் போதும். பின்னையதற்கோ அவ்வீட்டார் நம்மைத் தம்முள் ஒருவராக ஏற்றல் வேண்டும். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஆசிரியராயிருக்கும் நண்பரின் இல்லத்திலே, நத்தாருக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளுள் மூன்றாவதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அந்நாட்களில் அந்நகரிலே கதிரவன் காலை எட்டரை மணியளவில் எழுந்து மாலை நான்கு மணிக்கு மறைந்துவிடுகின்றான். ஞாயிறன்று கடைகளும் பெரும்பாலும் அடைத்தே கிடக்கும். வெளியே இருளும் குளிரும் சூழ்ந்திருத்தலின், மக்கள் ஒளியையும் உறவையும் வீட்டினுள்ளே தேடுகின்றனர்.

நம்மவர் வீடாயின் விருந்தினனை நாற்காலியில் இருத்தி, எழவும் விடார். நண்பரின் மனைவியாரோ காலையுணவு முடிந்ததும் என்னை அடுக்களைக்கு அழைத்து, மாவைத் தட்டையாக்கி நட்சத்திர வடிவில் வெட்டும் பணியைத் தந்தார். அரைத்த வாதுமை, முட்டை வெண்கரு, சீனி, கறுவாத்தூள் ஆகியன சேர்த்துச் செய்யப்படும் அப்பண்டத்துக்குக் 'கறுவா நட்சத்திரம்' என்றே பெயர். தூள் இருந்த போத்தலிலே 'சிலோன்' என்னும் சொல்லைக் கண்டு வியந்தேன். காசியா என்னும் வேறினக் கறுவாவிலே கூமரின் என்ற பொருள் மிகுதி. அளவு கடந்தால் அது சிலருக்கு ஈரலைத் தாக்கும் என அந்நாட்டு அரச ஆய்வு நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் எச்சரித்தது. நமது கறுவாவில் அது மிகச் சிறிதளவே உண்டு. ஆதலால் பிள்ளைகளுக்கான பண்டத்துக்கு இலங்கைக் கறுவாவையே வாங்குவதாக அம்மையார் கூறினார்.

நண்பகலில் துறைமுகப் பக்கம் உலாவச் சென்றோம். 'ஷ்பைக்கர்ஷ்டாட்' என்னும் பண்டகசாலைத் தொகுதி 1883 இல் தொடங்கப்பெற்று 1888 இல் திறக்கப்பட்டது. நீர்க்கால்வாய்களின் ஓரத்திலே, நிலத்தில் அறையப்பட்ட மரத்தூண்களின்மீது நிற்கின்றன அச்செங்கல் மாளிகைகள். கோப்பி, தேயிலை, வாசனைச் சரக்குகள் எனக் கீழைத்தேயச் செல்வங்களெல்லாம் அங்கே குவிந்த காலம் ஒன்றிருந்தது. 2015 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

பிற்பகல் சரியாக மூன்றரை மணிக்கு வாயில்மணி ஒலித்தது. வந்தவர் மேல்மாடியிலே தனித்து வாழும் மூதாட்டி, கணவரை இழந்தவர். மகன் வேற்று நாட்டில் இருக்கின்றார். மேசை நடுவே பசுந்தழை வளையமும் அதன்மேல் நான்கு மெழுகுதிரிகளும் இருந்தன. இளைய மகள் மூன்றை ஏற்றினாள். நான்காவதையும் ஏற்ற அவள் கை நீண்டபோது, "அது வருகிற ஞாயிற்றுக்கு, கண்ணே" என்று மூதாட்டி தடுத்தார். அதன்பின் கோப்பியும் பலகாரமும் பேச்சுமாக இரண்டு மணிநேரம் சென்றது.

அவ்வளையத்துக்கும் வரலாறு உண்டு. ஏழைச் சிறார்களுக்காக ஹம்பேர்க்கில் இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்னும் போதகரை, "நத்தார் எப்போது வரும்?" என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டனராம். 1839 இல் அவர் பழைய வண்டிச் சில்லொன்றில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெண்ணிறத் திரிகளையும், ஏனைய நாட்களுக்குச் சிறிய செந்நிறத் திரிகளையும் அமைத்து, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். எல்லையற்ற ஏக்கம் எண்ணக்கூடிய நாட்களாக மாறியது.

அம்மூதாட்டிக்கு நண்பர் குடும்பத்தார் செய்வதும் அதுவே. நான்கு ஞாயிறுக்கும் முன்கூட்டியே நாளும் மணியும் குறித்து அவரை அழைத்துவிடுகின்றனர். மணி பார்த்து உறவாடுதல் அன்பின் குறைவென நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. ஆயின், விடைபெறும்போது அம்முதியவர், "அடுத்த ஞாயிறு, மூன்றரைக்கு" என்று தாமே சொல்லி மகிழ்ந்ததைக் கேட்டால், அவ்வெண்ணம் நில்லாது. ஒரு கிழமை முழுவதும் எதிர்பார்த்திருக்க அவருக்கு ஒன்று கிடைத்துவிட்டது.

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அம்மரபில் வந்த நாமோ தெருவிற் காண்போரிடம், "எப்போதாவது வீட்டுப் பக்கம் வாருங்கள்" என்று சொல்லிப் போகின்றோம். 'எப்போதாவது' என்னும் நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. பிள்ளைகள் ஜேர்மனியிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, பெரிய வீடுகளிலே தனித்திருக்கும் பெற்றோர் நம் ஊர்களிற் பலர். கைத்தொலைபேசித் திரையில் மகனின் முகத்தைக் காண்கின்றனர். பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்த ஆளில்லை.

மாணவர்களே, பெற்றோர்களே! உங்கள் ஒழுங்கையில் அத்தகைய ஒருவர் இருப்பின், இன்றே சென்று அழையுங்கள். பலகாரம் எளியதாயினும் ஆகுக. நாளையும் நேரத்தையும் மட்டும் தவறாது குறியுங்கள்.