முதுகறிந்து பை கொள்க

உயரம் ஒன்றையே நோக்கி மலைநடைக்கு முதுகுப்பை வாங்குதல் தவறென்பது என் துணிபு. ஒத்த உயரத்தினர் இருவருள் ஒருவர்க்குக் கால் நீளும். மற்றவர்க்கு உடல் நீளும். யான் இரண்டாம் வகையினன். சென்ற கோடையில் பழனிமலைத் தொடரில் நடந்தபோது, பையின் இடுப்புப்பட்டை வயிற்றின்மீதே நின்றது. சுமை முழுதும் தோளில் தங்கிற்று. மறுநாள் என் மூட்டையை என்னினும் இளைய தோழன் சுமக்க நேர்ந்தது. அந்நாணம் இன்னும் அகன்றிலது.

ஆதலின், நண்பர்காள், வாங்குமுன் அளந்தறிமின்! தலைகுனிந்தால் பிடரியடியில் புடைக்கும் எலும்பு முதல், இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேர்மட்டம்வரை முதுகில் உள்ள நீளமே அளவு. அஃது 20 அங்குலத்தைக் கடப்பின், பெரிய அளவுப் பையோ, முதுகளவைக் கூட்டிக் குறைக்கத்தக்க பையோ வேண்டும். பாரம் இட்டுக் கடையிலேயே நடந்து பார்மின். எப்பையின் பட்டை இடுப்பெலும்பைத் தழுவித் தாங்குமோ, அதுவே தக்கது. பிறர்க்குச் சுமையாகாதிருக்க விழைவோன், முதற்கண் தன் முதுகை அறிக!