இறால் குஞ்சுக்கு 'வைரஸ் இல்லை' சான்று: எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: ஒன்றரை ஏக்கர் குத்தகைக் குட்டையில் முதன்முறையாக வனாமி இறால் விடப்போகிறோம். என் நகையை அடகு வைத்துத்தான் முதலீடு. ஹேச்சரிக்காரர், "எங்கள் குஞ்சில் வைரஸ் இல்லை" என்று லேப் சான்று தருகிறார். நாங்கள் தனியாக ஒரு பரிசோதனை செய்ய வேண்டுமா? அது வீண் செலவு என்கிறார் என் கணவர்.
- வாசகி, சீர்காழி வட்டம்

சகோதரி, செய்யுங்கள். வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்ல வசதியாகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன், மீன்வளம் படித்தவன் அல்ல. ஆனால் 1995-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்குக் கடற்கரையில் வெள்ளைப்புள்ளி நோய் பரவியபோது நான் வேலைக்குப் புதியவன். காலையில் வரப்பு ஓரமெல்லாம் டைகர் இறால் செத்து ஒதுங்கிக் கிடக்கும், காக்கைகள் அதைக் கொத்திக்கொண்டு அடுத்த குட்டைக்குப் பறக்கும். அறிகுறி தெரிந்த மூன்று முதல் பத்து நாளில் குட்டை காலியாகிவிடும். அன்றைக்கும் மருந்து இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால்தான் குஞ்சு வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

எனக்கே ஒரு பாடம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் சான்றைக் காட்டி, "விடலாமா அண்ணே?" என்று கேட்டான். பார்த்தேன், நெகட்டிவ் என்றிருந்தது. "விடுப்பா" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தெட்டாம் நாள் எல்லாம் போனது. பிறகுதான் அந்தத் தாளைச் சரியாகப் படித்தேன். குஞ்சு எடுத்த தேதிக்குப் பதினெட்டு நாள் முந்தைய சான்று அது. எந்தத் தொட்டி, எத்தனை குஞ்சு பரிசோதித்தார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. தப்பு என்னுடையதுதான். நோய் குஞ்சில் வந்ததா, தண்ணீரில் வந்ததா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து நான் சொன்ன பதிலுக்கு அடிப்படையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் 2 லட்சம் குஞ்சு வாங்குகிறீர்கள். அதில் நூற்றுக்கு ஒன்றில் வைரஸ் இருந்தால் 2,000 குஞ்சுகள் நோயோடு குட்டைக்குள் போகும். பரிசோதனைக்கு 60 குஞ்சு மட்டும் எடுத்தால், அந்த அறுபதிலும் நோயுள்ளது ஒன்றுகூடச் சிக்காமல் போக நூற்றுக்கு 55 தடவை வாய்ப்பிருக்கிறது. அதாவது பாதிக்கு மேல் 'நெகட்டிவ்' என்றுதான் வரும். லேப் ஏமாற்றவில்லை, எடுத்த மாதிரி போதவில்லை, அவ்வளவுதான். 150 எடுத்தால் தவறவிடுவது 22 தடவையாகக் குறையும். 300 எடுத்தால் 5 தடவைதான். அறுபது குஞ்சு என்பது நூற்றுக்கு ஐந்து வரை நோய் ஏறியிருந்தால் கண்டுபிடிக்கத்தான் போதும். லேப்பில் பல குஞ்சுகளைச் சேர்த்து அரைத்து ஒரே மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆகவே எண்ணிக்கை கூடினால் செலவும் அதே அளவுக்குக் கூடிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

சான்றைக் கையில் வாங்கியதும், மாதிரி எடுத்த தேதி, தொட்டி எண், குஞ்சின் எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எடுக்கப்போகும் தொட்டிதானா என்றும் பாருங்கள். ஒரு ஹேச்சரியில் பத்துத் தொட்டி இருந்தால் ஒரு தொட்டியின் சான்று மற்ற ஒன்பதுக்கும் பேசாது. அடுத்தது, எந்த நோய்க்குப் பார்த்தார்கள்? வெள்ளைப்புள்ளிக்கு மட்டும் பார்த்துவிட்டு ஈ.ஹெச்.பி.யை விட்டிருப்பார்கள். ஈ.ஹெச்.பி. வைரஸ் அல்ல, நுண்ணிய ஒட்டுண்ணி. இறாலைச் சட்டென்று கொல்லாது, வளரவிடாது. தீவனம் போட்டுப் போட்டு நூறாம் நாளிலும் சிறுசாகவே நிற்கும். கடன்காரனுக்கு அதுவும் சாவுதான். இரண்டுக்கும் தனித்தனிப் பரிசோதனை. வெள்ளைப்புள்ளிக்கு இரண்டு கட்ட பிசிஆர் செய்தார்களா என்றும் கேளுங்கள். முதல் கட்டத்தில் தெரியாத லேசான தொற்று இரண்டாம் கட்டத்தில் தெரியும்.

மாதிரியை நீங்களே நின்று எடுங்கள். தொட்டியின் நடுவில் துள்ளும் நல்ல குஞ்சை மட்டும் மொள்ளக் கூடாது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சோர்ந்து நிற்பவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும், நோய் இருந்தால் அங்கேதான் இருக்கும். ஆக்சிஜன் பையில் உயிரோடு கொண்டுபோங்கள், அல்லது 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பார்மலினில் போட்டால் பிசிஆர் சரியாக வராது. ஹேச்சரி, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

சுத்தமான தாய் இறாலின் குஞ்சுக்கு நோய் எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். மந்தைவெளியில் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. முட்டை வைப்பதற்காகத் தாய் இறாலுக்கு உயிருள்ள சேற்றுப்புழு கொடுப்பார்கள். தூண்டில்காரர்கள் முள்ளில் கோர்க்கும் புழு வகைதான். அந்தப் புழு வெள்ளைப்புள்ளி வைரஸைச் சுமக்கிறது, அதைத் தின்ற தாய் இறாலுக்குத் தொற்று ஏறுகிறது என்று காட்டினார்கள். தாயைப் பரிசோதித்துவிட்டு இரையை விட்டால் என்ன பயன்? ஆகவே ஹேச்சரிக்காரரிடம், "புழு எங்கிருந்து வாங்குகிறீர்கள், அதைப் பரிசோதிக்கிறீர்களா?" என்று கூசாமல் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

இரை வழியாக நோய் போவது நம் ஊர் விஷயம் மட்டுமல்ல. அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் ஒரு மீன் வைரஸ் பரவியபோது, 2006-ல் எட்டு மாநிலங்களிலிருந்து உயிர் மீன் கொண்டுபோவதற்கே மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. தூண்டிலுக்கான இரைமீனும் பரிசோதனைச் சான்றோடு போக வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2016 கடைசியில் லோகன் ஆற்றோரப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி வந்தபோது, கடையில் விற்ற இறக்குமதி உறைபனி இறாலைத் தூண்டிலில் கோர்த்ததிலிருந்து வந்திருக்குமோ என்று சந்தேகித்தார்கள். உறைபனியில் இந்த வைரஸ் சாகாது.

குஞ்சு சுத்தமாக வந்தாலும் குட்டை சுத்தமாக இருக்க வேண்டும். ஓடையிலிருந்து வடிகட்டாமல் தண்ணீர் ஏற்றாதீர்கள். நண்டு ஏறாமல் சுற்றிலும் வலை அடியுங்கள், நண்டுக்குள் வைரஸ் இருக்கும், நண்டு சாகாமல் திரியும். இத்தனைக்கும் பிறகு நோய் வந்துவிட்டால், மடையைத் திறந்துவிடாதீர்கள். குளோரின் போட்டுத் தண்ணீரைத் தேக்கி வைத்து, பக்கத்துக் குட்டைக்காரருக்கு அன்றைக்கே சொல்லுங்கள். வாய்க்கால் எல்லாருக்கும் ஒன்றுதானே.

பரிசோதனைச் செலவு குஞ்சு விலையில் சிறு பங்குதான். நெகட்டிவ் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எஸ்.பி.எஃப். தாய் இறாலின் குஞ்சு என்றால் நோய் வராது என்கிறார்களே?
- வாசகர், பொன்னேரி

வராது என்று அர்த்தம் அல்ல. குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாமல் வளர்த்த தாய் என்றுதான் அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறாலை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துப் பரிசோதித்த பிறகே ஹேச்சரிக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சுத்தம் அங்கிருந்து வெளியேறும் நாள் வரைக்கும்தான் உறுதி. எதிர்ப்புச் சக்தி என்பது வேறு சமாச்சாரம், இரண்டையும் குழப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கொடுவாவுக்கு உயிருள்ள ஜிலேபிக் குஞ்சு போடுகிறேன். ஆபத்து உண்டா?
- வாசகர், சிதம்பரம்

உண்டு. கொடுவாக் குஞ்சை நோடா வைரஸ் தாக்கும். மூளையும் கண்ணும் கெட்டு, மீன் சுழன்று சுழன்று நீந்திச் சாகும். ஜிலேபியிலும் இந்த வைரஸ் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஓடையிலும் வாய்க்காலிலும் பிடித்த ஜிலேபியை நேராகக் கொட்டாதீர்கள். தனித் தொட்டியில் தாய் ஜிலேபி வைத்து நீங்களே குஞ்சு எடுங்கள். வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்து, ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் போடுங்கள். அதற்குத் தனி வலை, தனி வாளி. மிதவைத் தீவனத்துக்குப் பழக்கிய கொடுவாக் குஞ்சாகவே வாங்கினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.