கோட்டையில் போட்ட கையெழுத்து கோயில் வாசலுக்கு வர 76 வருஷம்!
13 முதல்வர்களைத் தாண்டி வந்த சட்டம்

திருவண்ணாமலை:-

முதல்வர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார், எத்தனை தடவை ஜெயித்தார், எத்தனை நாள் இருந்தார்... டீக்கடை பெஞ்சில் இந்தக் கணக்கு ஓயாமல் ஓடும். ஆனால் திருவண்ணாமலை மாதிரி கோயிலை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோயில் கதவை எல்லோருக்கும் திறந்தது யார்? கோயில் சொத்துக்குக் கணக்கு கேட்டது யார்? பூ கட்டுகிறவர் முதல் ஆட்டோ ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வருஷக்கணக்கில் ஆண்டவர்களுக்குச் சமமாக 2 வருஷமே இருந்த ஒருவரும் நிற்கிறார்.

கணக்கு கேட்ட பனகல் அரசர்

சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி சுப்பராயலு ரெட்டியார். 1920 டிசம்பர் 17-ல் பதவி ஏற்றார். உடம்பு சரியில்லாமல் 1921 ஜூலையில் விலகிவிட்டார். அடுத்து வந்தவர் அதே நீதிக்கட்சியின் பனகல் அரசர். சென்னை தி.நகரில் பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான்.

அந்தக் காலத்தில் கோயில் நிலம், நகை, வருமானம் எல்லாம் தர்மகர்த்தாக்கள் கையில் இருந்தது. மேலிருந்து கேட்க ஆள் இல்லை. 1922-ல் இதற்காகப் பனகல் அரசர் மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. ஆனாலும் 1925-ல் இந்து சமய அறநிலைய வாரியம் வந்தது.

1951-ல் குமாரசாமி ராஜா ஆட்சியில் அந்த வாரியம் போய் அரசுத் துறையே வந்தது. காமராஜர் ஆட்சியில் 1959-ல் வந்த சட்டம்தான் அறநிலையத் துறைக்கு இன்றைக்கும் ஆதாரம். அண்ணாமலையார் கோயிலை இணை ஆணையர் ஒருவர் நிர்வாகம் செய்கிறார் என்றால், அந்த நாற்காலிக்கு அஸ்திவாரம் போட்டவர் பனகல் அரசர்.

கதவைத் திறந்த ஓமந்தூரார்

1937-ல் ராஜாஜி ஆட்சிக்கு வந்தபோது அந்தப் பதவிக்குப் 'பிரதமர்' என்று பெயர். 1950-ல் அரசியல் சட்டம் வந்த பிறகுதான் 'முதலமைச்சர்' ஆனது.

1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனார். அவர்கள் மேல் வழக்கு பாயாமல் இருக்க ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது.

மாகாணம் முழுக்க உரிமையாக்கியது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். திருவண்ணாமலை ரமண மகரிஷி மீது பக்தி உள்ளவர். 1947 மார்ச்சில் பதவிக்கு வந்து 1949 ஏப்ரலில் இறங்கிவிட்டார். 2 வருஷம்தான்!

அதற்குள் கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் மூன்றும் வந்துவிட்டன. சாமி மீது நம்பிக்கை உள்ள ஒருவரே, சாமி முன்னால் எல்லோரும் சமம் என்று சட்டம் போட்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கருவறை வாசலில் இழுபறி

உள்ளே போகலாம். சரி, பூஜை செய்யலாமா? 1970 டிசம்பரில் கருணாநிதி அரசு, அர்ச்சகர் வேலை பரம்பரைச் சொத்து அல்ல என்று சட்டத்தைத் திருத்தியது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்றது. ஆனால் ஆகம விதியை மீறக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. விஷயம் அங்கேயே நின்றது.

2006-ல் மறுபடி ஆட்சிக்கு வந்த கருணாநிதி, எல்லா சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என உத்தரவு போட்டார். 2007-ல் 6 இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதில் ஒன்று திருவண்ணாமலை. 200-க்கும் மேற்பட்டோர் படித்து முடித்தார்கள்.

படித்தவர்களுக்கு வேலை? வழக்கு போனது, பள்ளிகள் முடங்கின. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஆகமத்துக்கு உட்பட்டு ஒவ்வொரு நியமனமாகப் பார்க்க வேண்டும் என்றது. 2021 ஆகஸ்டு 14-ல் ஸ்டாலின் அரசு நியமன உத்தரவு கொடுத்தபோது, இந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் 24 பேருக்கு வேலை கிடைத்தது. இளவட்டமாகப் படித்தவர்கள் நடுத்தர வயதை நெருங்கிவிட்டார்கள்.

கோயில் விவகாரத்தில் அரசு தலையிடவே கூடாது, ஆகமம் தெரிந்த பரம்பரையினரே செய்யட்டும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதம் பனகல் அரசர் காலத்தில் தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

தென்முடியனூர் சொல்லும் பாடம்

இதெல்லாம் கோர்ட்டு, கோட்டை சமாச்சாரம். கிராமத்தில் என்ன நடந்தது?

தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அங்கே முத்துமாரியம்மன் கோயில். பல தலைமுறையாகத் தலித் மக்கள் உள்ளே விடப்படவில்லை. 2023 ஜனவரி 30-ந் தேதி கலெக்டரும் போலீஸ் அதிகாரிகளும் முன்னால் நிற்க, பலத்த பாதுகாப்புடன் அவர்கள் முதல் முறையாக உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். ஊரில் எதிர்ப்பும் இருந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் இதே மாவட்டத்தில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் இப்படித்தான் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள்.

சட்டம் 1947. நுழைவு 2023. நடுவில் 76 வருஷம்! ஓமந்தூராரில் தொடங்கி குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர், பக்தவச்சலம், அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா, ஓ.பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி, ஸ்டாலின் என 13 பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தற்காலிகமாக இருந்த நெடுஞ்செழியன் தனி. காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. மூன்றுமே மாறி மாறி ஆண்டாச்சு.

யார் மேல் தப்பு?

ஒரே ஒரு கட்சியைக் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. கோட்டையில் போடும் கையெழுத்து உரிமையைக் கொடுக்கும். அந்த உரிமையை வாசல்படி வரை கொண்டுவருவது கலெக்டர், ஆர்.டி.ஓ., தாசில்தார், போலீஸ். கிராமத்தில் பகை வேண்டாம், ஓட்டு போய்விடும் என்று மேலே நினைத்தால் கீழே யாரும் அசைய மாட்டார்கள். தென்முடியனூரில் அதிகாரிகள் துணிந்து நின்றதும் கதவு திறந்தது. புதுச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. பழைய சட்டமே போதுமானதாக இருந்தது.

1989 செப்டம்பரில் கருணாநிதி ஆட்சியில் வடஆற்காட்டைப் பிரித்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் உள்ளூருக்கே வந்துவிட்டது. 2024-ல் நகராட்சி மாநகராட்சியாகவும் உயர்ந்தது. இனி மனு கொடுக்க வேலூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஓட்டு கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், எங்கள் தலைவர் இத்தனை முறை முதல்வர் என்று பெருமை பேசுவார்கள். பேசட்டும். எங்கள் ஊரில் இன்னும் எத்தனை கோயில் கதவு சிலருக்கு மட்டும் மூடிக் கிடக்கிறது, அதை எப்போது திறப்பீர்கள் என்று ஜனங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். அண்ணாமலையாரைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் போகும்போது யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. அந்த வழக்கம் பக்கத்து கிராமத்து மாரியம்மன் கோயிலுக்கும் வர வேண்டும்.