பறுவத்தன்று ஒரு பான்மீ

கோபன்ஹேகன் மத்திய ரயில் நிலையத்தின் பின்பக்கமாக வெளியே வந்தால் இஸ்டேகேட தெரு தொடங்கிவிடுகிறது. போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, தூறலில் நனைந்தபடி பன்னிரண்டு பேர் அந்தத் தெருவில் நடந்தோம். வியட்நாமியத் தெருக்கடைச் சாப்பாட்டைத் தேடிப் போகும் நடை அது, அதுவும் முழுக்க வீகன். வழிகாட்டியாக வந்தவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வியட்நாமிய இளம்பெண். தன் பெற்றோர் படகில் வந்தவர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்த வாக்கியத்தில் டோஃபு செய்யும் முறைக்குப் போய்விட்டார். அந்த ஒற்றை வாக்கியம் என்னை விடவில்லை.

முதல் கடையில் பான்மீ. கடைக்கார அம்மா சூடான ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, ஒரு பக்கம் காளான் விழுதைப் பூசினார். அதன்மேல் சோயாவிலும் எலுமிச்சைப்புல்லிலும் ஊறவைத்துப் பொரித்த டோஃபு. பிறகு வினாகிரியில் ஊறிய கரட், முள்ளங்கி, ஒரு பிடி கொத்தமல்லி, இரண்டு கீற்றுப் பச்சைமிளகாய். கடித்ததும் ரொட்டியின் மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் துகள் கொட்டியது. அந்தக் காளான் விழுது உட்கார்ந்திருப்பது ஈரல் விழுதின் இடத்தில். ரொட்டியையும் ஈரல் விழுதையும் சைகோனுக்குக் கொண்டுபோனவர்கள் 1859இல் அந்த நகரைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள். டென்மார்க்கில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் ரை ரொட்டிமேல் இருக்கும் லெவர்போஸ்டையும் ஈரல் விழுதுதான். இரண்டு நாட்டுப் பிள்ளைகளையும் வளர்த்த சாமான் அது. இதை யாராவது அங்கே நின்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கடையில் பப்பாசிக்காய் சலாது. நான் கேட்ட கேள்வி எங்கள் வீட்டுக் கேள்வி: மீன் சோஸ் சேர்த்திருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் விரதக்காரர் வேற்று வீட்டுச் சம்பலைத் தொடுமுன் மாசிக்கருவாடு போட்டதா என்று கேட்பார்களே, அதே கேள்வி. வழிகாட்டி தயங்கினார். உள்ளேயிருந்து வந்த வயதான பெண்மணி பதில் சொல்லாமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். பெரிய எழுத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த தேதி, அதன் கீழே பொடி எழுத்தில் சந்திரக் கணக்கின் தேதி. அன்று பதினைந்தாம் நாள். பறுவம். அன்றைக்கு மீன் சோஸ் போத்தலே அடுக்களைப் பக்கம் வராதாம். மற்ற நாட்களில் இரண்டு அகப்பை, இரண்டு சட்டி.

வியட்நாமிய பௌத்தக் குடும்பங்கள் பலவற்றில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மச்சம் இல்லை. அந்தச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'சாய்'. சீனத்திலிருந்து வந்த சொல், அடிப்பொருள் நோன்பு. வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதற்கு நாளும் இல்லை, கோளும் இல்லை, எல்லா நாளும் ஒரே நாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சாய் என்பதை வீகன் என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டும்போது நிலா கழன்று விழுந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் கழன்று போனால் நம் சைவச் சாப்பாடும் வெறும் மரக்கறியாக மிஞ்சுமே, அதுபோல.

எண்பதுகளின் இறுதியில் டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில் ஒரு சிறு ஊரில் என் அம்மா டேனிஷ் மொழி வகுப்புக்குப் போனார். பக்கத்து இருக்கையில் ஒரு வியட்நாமிய அம்மா. இருவருக்கும் பொதுவாக இருந்தவை நாற்பது, ஐம்பது டேனிஷ் சொற்கள்தான். 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்பது எப்படி என்பதை இருவரும் முதல் மாதத்திலேயே படித்துவிட்டார்கள். அந்த அம்மா சன்னல் ஓரத் தொட்டியில் வளர்த்த கொத்தமல்லியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அம்மா பதிலுக்குப் பயற்றம் உருண்டை கொடுப்பார். ஒருநாள் அவர் வாங்க மறுத்துவிட்டார். அம்மாவுக்கு மனத்தாங்கல். பல வாரம் கழித்துத்தான் விளங்கியது, முட்டை சேர்த்த பண்டம் என்று நினைத்திருக்கிறார். அன்று அவருக்கு நோன்பு நாள்.

இனி வழிகாட்டி சொன்ன, படகில் வந்தவர்கள் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். 1975 ஏப்ரல் 30, சைகோன் வீழ்ந்த நாளில், ட்ரூங் சுவான் என்ற சரக்குக் கப்பல் மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்கு வந்தது. இயந்திரம் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அந்தக் கப்பலிலிருந்து மே 2ஆம் தேதி அத்தனை பேரையும் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டவர் டேனிஷ் சரக்குக் கப்பல் கிளாரா மெர்ஸ்கின் தலைவர் அன்டன் ஓல்சன். ஆட்களை ஏற்றக் கட்டிய கப்பல் அல்ல அது. தளத்தில் காலூன்ற இடமில்லாமல் ஹாங்காங் போய்ச் சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறகு வேறு நாடுகளுக்குப் போனார்கள். டேனிஷ் கொடி பறந்த கப்பல்கள் அடுத்த ஆண்டுகளில் கடலில் ஏற்றிய படகு மக்கள் பலருக்கு இந்த நாடே வீடாயிற்று. இன்று இங்கே வியட்நாமிய வம்சத்தார் பதினையாயிரத்துக்கும் மேல்.

அவர்கள் வந்து இறங்கிய நாடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மனிதரைவிடப் பன்றிகள் அதிகமுள்ள நாடு. 1887இல் ஹோர்சன்ஸ் நகரில் விவசாயிகள் தொடங்கிய முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடத்திலிருந்து, பிரிட்டனின் காலைத் தட்டுக்கு பேக்கன் அனுப்பியே செல்வம் சேர்த்தது. இங்கே தெருச்சாப்பாடு என்றாலும் அதுதான்: 1921 ஜனவரியில் கோபன்ஹேகன் வீதிகளில் அனுமதி பெற்ற தொத்திறைச்சி வண்டிகள். ஆனால் இதே நாடு ஒரு முறை கட்டாயத்தால் மாறிப் பார்த்திருக்கிறது. முதல் உலகப் போரில், 1917இல், கடல்வழி அடைபட்டுத் தீவனம் வராமல் போனது. மிக்கெல் ஹின்ஹேத என்ற மருத்துவர், பன்றிக்குப் போகும் தானியத்தையும் உருளைக்கிழங்கையும் மனிதருக்குக் கொடுங்கள் என்றார். பன்றிகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டன. தவிடு நீக்காத ரொட்டியும் பார்லிக் கஞ்சியும் உருளைக்கிழங்கும் தின்ற அந்த ஓராண்டில் கோபன்ஹேகனில் சாவு குறைந்தது என்று 1920இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அவர் கணக்குக் காட்டினார். போர் முடிந்தது, பன்றிகள் திரும்பி வந்தன, ஹின்ஹேத மறக்கப்பட்டார்.

2016 ஜனவரியில் ராண்டர்ஸ் நகரசபை, நகரப் பொது நிறுவனங்களின் சமையலறைகளில் பன்றியிறைச்சி உட்பட டேனிஷ் உணவு இருந்தாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எட்டு ஆண்டுக்குள், 2023 அக்டோபரில், தாவர உணவுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது டேனிஷ் அரசு. உலகில் எந்த நாடும் அதற்கு முன் அப்படி ஒன்றை வெளியிட்டதில்லை. தாவர உணவுக்கென்று 60 கோடிக் குரோனருக்கும் மேற்பட்ட நிதியும் ஒதுக்கியிருக்கிறது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். என்றாலும் இந்தத் திட்டத்தைப் பேசும்போது ஆய்வுக்கூடத்தையும் புதுத் தொழில்களையும் பேசுகிறவர்கள், நாற்பது ஆண்டுகளாக இதே நகரங்களின் அடுக்குமாடிகளில் கோதுமைப் பசையிலும் காளானிலும் பலாக்காயிலும் கைதேர்ந்த சமையல் செய்துவரும் பெண்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். புதிதாகக் கண்டுபிடிக்க அவ்வளவு இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் பார்த்துவிட்டுப் போவதற்கும் உள்ள தூரத்தைக் கோபன்ஹேகன் தன் சொந்தக் கதையிலேயே காணலாம். 1902இல் திவோலிப் பூங்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட சீனர்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். சனங்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்த்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, அதே திவோலியில் விற்பதற்காக ஸ்பிரிங் ரோல் என்னும் சுருள் உருட்டத் தொடங்கினார் சாய்-சியு வான் என்ற சீனர். அவருடைய டலூன் நிறுவனம் பிறகு நூபோர் நகரில் தொழிற்சாலையாக வளர்ந்தது. இன்று டேனிஷ் வீட்டு உறைபெட்டியில் இருக்கும் அந்தச் சுருளை யாரும் அந்நியமாக நினைப்பதில்லை.

நமக்கும் வியட்நாமியருக்கும் டென்மார்க்தான் முதல் சந்திப்பு என்று எண்ண வேண்டாம். சைகோன் நடுவில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்து அங்கே வேலைக்குப் போன தமிழர்கள் திரும்பும்போது மனைவி மக்களோடு சமையலையும் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி வீடுகளில் 'நெம்' என்று பொரித்தெடுப்பது வியட்நாமியச் சுருளைத்தான்.

இலங்கையிலிருந்து நம்மவர் இங்கே வரத் தொடங்கியது 1983 கலவரத்துக்குப் பின். ஹெர்னிங்கில் விநாயகர் கோயிலும் பிரண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் எழுந்தது பிற்பாடு. முதலில் வந்தவர்களில் பலர் தனி ஆண்கள். மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமையை 1983ஆம் ஆண்டு அந்நியர் சட்டமே அவர்களுக்குக் கொடுத்திருந்தது. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். 1989 தொடக்கம் வரை கோப்புகள் அசையவில்லை. விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தபோது பிரதமர் பவுல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டேனிஷ் பாடப் புத்தகங்களில் இதற்குப் பெயர் தமிழர் வழக்கு.

ஒரே நாட்டின் இரண்டு கைகள் இவை: தண்ணீர் ஏறும் கப்பலை நோக்கித் திரும்பிய கை ஒன்று, கோப்பைத் திறக்காமல் வைத்த கை ஒன்று. அந்த நாட்டின் தெருவில் நின்று பான்மீ கொடுக்கும் வழிகாட்டி இரண்டையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டின் சுவை கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை மூதாட்டி நாட்காட்டியைக் காட்டிய பிறகுதான் எங்கள் கூட்டமே உற்றுச் சாப்பிடத் தொடங்கியது. டேனிஷ்காரர் ஒருவர் கைபேசியை எடுத்து அடுத்த பறுவம் என்றைக்கு என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கோபன்ஹேகனில் இப்படி ஒரு நடை இருக்கிறது. ஹெர்னிங்கிலும் பிரண்டேயிலும் தமிழர் யாராவது ஒன்று தொடங்க வேண்டும். கோயில் மடப்பள்ளியில் அது முடியட்டும். தொடக்கம் அதற்கும் முந்திய ஓர் இடத்தில் இருக்கட்டும்: நான்கைந்து ஆண்கள் சேர்ந்திருந்த வாடகை அறை, ஒற்றை மின்னடுப்பு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, தாயிடமோ மனைவியிடமோ கடிதத்தில் கேட்டு வாங்கிய பக்குவத்தைப் பார்த்துப் பார்த்துப் பருப்பு வேகவைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. கூப்பிட்டால் வந்து சொல்வார்கள்.