உறைக்கும் உண்டு ஆயுள்

குடைத்துணி நைந்தால் உடனே மாற்றிவிடுகின்றோம். ஆனால், பெரும்பணம் கொடுத்து வாங்கிய கமராவுக்குப் போர்த்தும் உறை நைந்துவிட்டதா என்று நாம் பார்ப்பதேயில்லை. வாங்கிய நாளில் இருந்த காவல் என்றென்றும் இருக்குமென நம்பிவிடுகின்றோம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று எனக் கடலோடு ஒட்டிய எமது ஊர்களில் கமரா இன்று வெறும் ஆடம்பரப் பொருளன்று. கலியாண வீடுகளில் படம் பிடித்துப் பிழைக்கும் இளைஞருக்கு அது தொழிற்கருவி. குமணைக்குச் சென்று நாரைகளையும் கூழைக்கடாக்களையும் படமெடுப்போருக்கு அதுவே இன்னொரு கண். இவர்கள் பயன்படுத்தும் உறைகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, நீண்ட வில்லைகளின்மேல் சட்டைபோல் இழுத்து மாட்டும் நியோப்பிரீன் உறை. மற்றது, மழைக்காகப் போர்த்தும் நைலோன் உறை.

நியோப்பிரீன் என்பது 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் டியூபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பிறந்த செயற்கை இறப்பர். அதன் உள்ளே நுண்ணிய காற்றறைகள் உண்டு. அடியைத் தாங்குவன அவையே. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை நசுங்கும். மேற்றுணி வெயிலில் வெளிறும், தையல் விடும். இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் முதுமையாதலின் அஞ்ச வேண்டியதில்லை.

நைலோன் உறையின் முதுமையோ மறைவானது. நீரைத் தடுப்பது துணியன்று. அதன் உட்புறத்தே பூசப்பட்ட மெல்லிய பொலியூரித்தேன் படலமே. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அப்படலம் சிறிது சிறிதாகச் சிதையும். முதலில் பிசுபிசுப்பு, பின்னர் ஒருவகைப் புளித்த நாற்றம், முடிவில் பொருக்காக உதிர்தல். பயன்படுத்தாமல் அலுமாரியில் மடித்து வைத்த உறைக்கும் இக்கதி நேரும். பிசுபிசுக்கத் தொடங்கியதைக் கழுவித் திருத்த வழியில்லை, மாற்றுவதே வழி.

கச்சான் காற்று வீசுங் காலத்தில் வெயிலும் மணலும், மாரியில் அடைமழை, ஆண்டு முழுவதும் கடலின் உப்பு. எமது கரையில் உறைகள் விரைவில் மூப்படைவதற்கு இவை போதாவா?

ஆகவே சில காரியங்களைக் கைக்கொள்ளுதல் நலம். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உறையைக் கழற்றி, நல்ல நீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துக. இறுக மடிக்காமல் தொங்கவிடுக. ஒட்டுப்பட்டியில் சிக்கிய நூலையும் மணலையும் பழைய பற்தூரிகையால் நீக்குக. மருதமுனைக் கைத்தறிச் சாரம் பழசாகி மென்மையுற்றிருப்பின், கமராவின் உடலைத் துடைக்க அதைவிட நல்ல துணி வேண்டியதில்லை. வில்லையின் கண்ணாடியை மாத்திரம் அதற்குரிய துணியாலேயே துடைக்க வேண்டும்.

உறையோடு கமராவை வீட்டில் வைப்பது பெருந்தீங்கு. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றி வில்லையிற் பூஞ்சணத்தை வளர்க்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டந்தான். இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா மணிகளோடு கமராவைத் தனியே வைப்பதே தக்கது. மணிகள் ஈரத்தால் நிறம் மாறினால் உலர்த்தியோ மாற்றியோ இடவேண்டும்.

மாரி தொடங்குமுன் ஒரு சோதனையும் செய்யலாம். உறைக்குள் உலர்ந்த தாளை வைத்து, மேலே ஒரு செம்பு நீரை மெல்ல ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இது சிறிய காரியமே. ஆயினும், கடன்பட்டுக் கமரா வாங்கிய இளைஞர் ஒருவரின் ஓராண்டு உழைப்பு ஒரு மழையில் நனைந்து போகலாம். பழுதான கருவிக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். படம் தவறிப்போன நிக்காஹை மறுபடி நடத்த யாரால் இயலும்? நம்பிக்கைக்குரிய காவலாளியையும் ஆண்டுக்கொரு முறை பரிசோதிப்பதே அறிவுடைமை.